இரண்டு கம்பி போதுமா?

ஒரு சிற்றூரில் சிறியதொரு தொலைபேசி இணைப்பகம் இருக்கிறது என்க. எக்ஸ்சேஞ்ச் என்று வழக்கில் சொல்கிறோமே, அதுதான். ஊரிலுள்ள தொலைபேசிகள் எல்லாம் இந்த இணைப்பகத்தில் வந்து சேர்கின்றன. வெளியூருக்குப் பேச வேண்டுமானால், இணைப்பகத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் கம்பிகளுள் ஒன்று காலியாக இருக்க வேண்டும். வேலை மும்முரமான நேரத்தில் மணிக்குச் சராசரியாக 60 பேர் வெளியூருக்குப் பேச விரும்புகிறார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 2 நிமிடம் பேசுகிறார்கள். அப்படியானால் நகரத்துக்கு எத்தனை கம்பிகள் இழுக்க வேண்டும்?

என் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் உடனே ஒரு விடை வந்துவிடும். அறுபது பேர், ஆளுக்கு 2 நிமிடம், மொத்தம் 120 நிமிடப் பேச்சு. ஒரு கம்பி ஒரு மணியில் 60 நிமிடப் பேச்சைச் சுமக்கும். ஆகவே இரண்டு கம்பி போதும்!

பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. ஆனால் இந்த விடையை நம்பி இரண்டு கம்பி மட்டும் இழுத்த கம்பெனி, மணிக்குச் சராசரியாக 24 பேரைப் பேசவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். ஐந்தில் இரண்டு பங்கினர்! சரி, இருபது கம்பி இழுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். செப்புக் கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகும் செலவைச் சந்தாதாரர் தலையில்தானே கட்ட வேண்டும்? தேவைக்கு மேல் போட்டால் பண நஷ்டம், குறைத்துப் போட்டால் ஆட்கள் கோபம். இவ்விரண்டுக்கும் இடையே சரியான எண் எது என்பதை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் டென்மார்க் நாட்டுக் கணிதர் ஆக்னர் கிராருப் எர்லாங்.

அவர் 1878-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஜட்லாந்துப் பகுதியிலுள்ள லோன்போர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். தாய்வழி முன்னோருள் ஒருவர் தாமஸ் ஃபிங்கே. முக்கோணவியலில் நீங்கள் படிக்கும் ‘டேன்ஜென்ட்’, ‘சீகன்ட்’ என்ற பெயர்களை 1583-இல் அறிமுகப்படுத்தியவர் இந்த ஃபிங்கேதான். அந்த வழியில்தான் எர்லாங்குக்குக் கணிதம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். இடையில் சுமார் முந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன! தந்தையின் பள்ளிக்கூடம்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

சிறுவயதில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே அமர்ந்து ஒரே புத்தகத்தைப் படிப்பார்களாம். புத்தகம் அண்ணன் ஃபிரெடரிக் பக்கம் திரும்பியிருக்கும். தம்பி ஆக்னர் தலைகீழாகவே வாசித்துப் பழகிவிட்டான். பதினான்காம் வயதில், வயது போதாமையால் தனி அனுமதி பெற்று, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முன்னிலைத் தேர்வை எழுதிச் சிறப்பாகத் தேறினான். பிறகு இரண்டாண்டுகள் தந்தையின் பள்ளியிலேயே உதவியாசிரியர் வேலை. 1896-இல் நுழைவுத் தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் கோபன்ஹேகனில் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கினார். 1901-இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், வானியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப்பாடங்களாகவும் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஏழாண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார்.

இந்தப் பள்ளி ஆசிரியர் தொலைபேசிக் கம்பெனிக்கு எப்படி வந்தார்? டேனிஷ் கணிதர் சங்கத்தின் கூட்டங்களுக்கு அவர் தவறாமல் போவார். அங்கே யொஹான் யென்சன் என்பவரின் பழக்கம் கிடைத்தது. கல்லூரிக் கணிதத்தில் ‘யென்சன் சமனிலி’ என்று ஒன்று வரும்; 1906-இல் அதை வெளியிட்டவர் இவரே. ஆனால் யென்சன் பேராசிரியர் அல்லர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். பகலில் தொலைபேசி, மாலையில் கணிதம்! அக்கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஃபிரிட்ஸ் யொஹான்சனும் நிகழ்தகவில் நாட்டம் கொண்டவர். காத்திருக்கும் நேரத்தையும் அழைப்புகளின் எண்ணிக்கையையும் பற்றித் தாமே எழுதிப் பார்த்தவர். யென்சன் எர்லாங்கை இயக்குநரிடம் அறிமுகப்படுத்தினார். 1908-இல் எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே, அதாவது 1909-இல், நிகழ்தகவுக் கொள்கையும் தொலைபேசி உரையாடல்களும் பற்றிய அவருடைய கட்டுரை ஒரு டேனிஷ் கணித இதழில் வெளிவந்தது. அதில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அழைப்புகள் எப்படி வருகின்றன? மணிக்கு 60 அழைப்பு என்றால் நிமிடத்துக்கு ஒன்று என வரிசையாக வருவதில்லை. ஒருவர் எப்போது தொலைபேசியை எடுப்பார் என்பது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எடுக்கிறார்கள்.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளில் 20 கட்டங்கள் வரைந்து 1 முதல் 20 வரை எண்ணிடுங்கள். இருபது துண்டுச் சீட்டுகளில் அதே எண்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு சீட்டை எடுத்து, அந்த எண்ணுள்ள கட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். சீட்டை மறுபடியும் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். இப்படி 40 முறை. இருபது கட்டத்துக்கு நாற்பது கொட்டை என்றால் சராசரி கட்டத்துக்கு இரண்டு. ஆனால் சரியாக இரண்டு கொட்டை விழுந்த கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தோ ஆறோதான் இருக்கும். இரண்டு மூன்று கட்டங்களில் ஒன்றுமே இராது. வேறு இரண்டு மூன்று கட்டங்களில் நான்கும் அதற்கு மேலும் குவிந்திருக்கும். ஒரே ஒரு தடவை செய்துவிட்டு எனக்குச் சண்டைக் கடிதம் எழுத வேண்டாம். பத்துத் தடவை செய்து சராசரி பாருங்கள்.

கட்டத்தை இரண்டு நிமிட இடைவெளி என்றும், புளியங்கொட்டையை அழைப்பு என்றும் கொண்டால், இதுவே நம் சிற்றூரின் கதை. யாரும் திட்டமிடாமலேயே அழைப்புகள் சில வேளைகளில் மொய்க்கும். சில வேளைகளில் ஆளே இராது. இவ்வாறு சிதறி விழும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஃபிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட பரவலைப் பின்பற்றுகிறது. தொலைபேசி அழைப்புகளும் அதற்கு உட்பட்டவையே என்று எர்லாங் காட்டினார். சராசரி 2 என்றால், ஓர் இடைவெளியில் அழைப்பே இல்லாதிருக்கும் வாய்ப்பு 13.5 விழுக்காடு, சரியாக 2 வரும் வாய்ப்பு 27 விழுக்காடு மட்டுமே.

ஆனால் அழைப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் மட்டும் கம்பிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடாது. வந்த அழைப்பு கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. பேச்சு முடிந்ததும் விடுகிறது. இந்தப் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை எர்லாங் தீர்த்தது 1917-ஆம் ஆண்டுக் கட்டுரையில். எனக்கு மிகவும் பிடித்தது அவர் அங்கே கையாண்ட வழி. ஏனெனில் அது ஓர் இயற்பியல் வழி.

மூடிய புட்டியில் பாதியளவு நீர் இருக்கிறது. நீரிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகி மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. ஆவியிலிருந்து மூலக்கூறுகள் திரும்ப நீரில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எந்த மூலக்கூறு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயினும் சற்று நேரம் கழித்துப் போவதும் வருவதும் சமமாகிவிடுகின்றன. நீர்மட்டம் நிலைத்து நிற்கிறது. இதைச் சமநிலை என்கிறோம். தொலைபேசி இணைப்பகத்திலும் இதே போன்ற ஒரு புள்ளியியல் சமநிலை உண்டு என்றார் எர்லாங். பிற்காலத்தில், 1925-இல், வாயு மூலக்கூறுகளின் வேகம் பற்றிய மேக்ஸ்வெல் விதிக்கு ஒரு நிறுவலை அவர் ஓர் இயற்பியல் இதழில் வெளியிட்டார் என்பதைப் பார்க்கும்போது, இந்த ஒப்புமை அவருக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

இனி நம் சிற்றூருக்கு வருவோம். ஒரு பேச்சின் சராசரி நீளமான 2 நிமிடத்தையே கால அலகாகக் கொள்வோம். ஓர் அலகு நேரத்தில் சராசரியாக 2 புது அழைப்புகள் வருகின்றன. அதே அலகு நேரத்தில் எத்தனை பேச்சுகள் முடியும்? ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தால் 1 என்ற வீதத்திலும், இரண்டு நடந்தால் 2 என்ற வீதத்திலும், மூன்று நடந்தால் 3 என்ற வீதத்திலும் முடியும். பேசுவோர் அதிகமானால் முடிப்போரும் அதிகம் அல்லவா?

எல்லாக் கம்பிகளும் காலியாக இருக்கும் நேரத்தின் பங்கை 1 என்க. ‘யாரும் பேசவில்லை’ என்ற நிலையிலிருந்து ‘ஒருவர் பேசுகிறார்’ என்ற நிலைக்கு ஏறுவது 2 என்ற வீதத்தில். திரும்ப இறங்குவது 1 என்ற வீதத்தில். ஏற்றமும் இறக்கமும் சமமாக வேண்டுமானால், ஒருவர் பேசும் நேரத்தின் பங்கு முந்தியதைப்போல் இரு மடங்காக, அதாவது 2 ஆக, இருக்க வேண்டும். அடுத்த படியில் ஏறுவதும் 2 என்ற வீதத்தில், இறங்குவதும் 2 என்ற வீதத்தில். ஆகவே இருவர் பேசும் நேரத்தின் பங்கும் 2. மூன்றாவது படியில் ஏறும் வீதம் 2, இறங்கும் வீதம் 3. ஆகவே பங்கு 2 × 2/3 = 4/3. நான்காவது 4/3 × 2/4 = 2/3. ஐந்தாவது 2/3 × 2/5 = 4/15. ஆறாவது 4/15 × 2/6 = 4/45. எத்தனை கம்பிகள் உண்டோ அத்தனையாவது படியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற இடமில்லை.

இரண்டே கம்பி என்றால் பங்குகள் 1, 2, 2. மொத்தம் 5. இரண்டு கம்பிகளிலும் பேச்சு நடக்கும் நேரம் 5-இல் 2 பங்கு, அதாவது 40 விழுக்காடு. அந்த நேரத்தில் வருபவர் எல்லாரும் ஏமாற வேண்டியதுதான். அழைப்புகள் சமவாய்ப்பாக வருவதால் வருவோரிலும் 40 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். அறுபதில் 24 என்று தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேரைத் திருப்பியனுப்பும் அந்த இரண்டு கம்பிகளும் ஓயாமல் உழைக்கவும் இல்லை! இரண்டும் காலியாக இருக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு, ஒன்று மட்டும் காலியாக இருக்கும் நேரம் ஐந்தில் இரண்டு பங்கு. சராசரி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் 40 விழுக்காடு நேரம் சும்மா கிடக்கிறது. கூட்டம் வந்தபோது இடமில்லை. இடம் இருந்தபோது கூட்டமில்லை.

கம்பிகளைக் கூட்டிக்கொண்டே போவோம். மூன்று கம்பி என்றால் பங்குகள் 1, 2, 2, 4/3. ஏமாறுவோர் 4/19, அதாவது 21 விழுக்காடு. நான்கு என்றால் 2/21, சுமார் 9.5 விழுக்காடு. ஐந்து என்றால் 4/109, சுமார் 3.7 விழுக்காடு. ஆறு என்றால் 4/331, சுமார் 1.2 விழுக்காடு. ஆறு கம்பி போட்டால் மணிக்கு ஒருவர்கூட முழுதாக ஏமாறவில்லை எனலாம். ஆனால் அப்போது சராசரியாக நான்கு கம்பிகள் சும்மா இருக்கும். கணக்கு தெரியாத நிர்வாகி ஒருவர் இதைப் பார்த்தால், “நான்கு கம்பி வீண்! அவிழ்த்துவிடு” என்பார். அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

இந்த வழியில் எந்த அளவு போக்குவரத்துக்கும், எத்தனை கம்பிகளுக்கும் விடை காணலாம். பொறியாளர்கள் இதை ‘எர்லாங் பி வாய்பாடு’ என்கிறார்கள். காலி இல்லாதபோது அழைப்பைத் திருப்பாமல் வரிசையில் நிறுத்தினால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதற்கும் அதே கட்டுரையில் வாய்பாடு தந்தார். வரிசைக் கொள்கை என்று இன்று தனியாக வளர்ந்து நிற்கும் கணிதப் பிரிவுக்கு அடிக்கல் இதுவே.

அதே கணக்கிலிருந்து இன்னொரு செய்தியும் வெளிப்படுகிறது. அருகருகே நம் ஊரைப்போன்ற இரண்டு சிற்றூர்கள். தனித்தனியே ஆறாறு கம்பிகள், ஆக மொத்தம் 12, ஏமாறுவோர் 1.2 விழுக்காடு. இரண்டு ஊர்களும் ஒரே இணைப்பகத்தைப் பகிர்ந்துகொண்டால்? போக்குவரத்து இரட்டிப்பாகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் பத்தே கம்பியில் ஏமாறுவோர் சுமார் 0.5 விழுக்காடுதான். கம்பியும் மிச்சம், சேவையும் மேல். ஓர் ஊரில் கூட்டம் மொய்க்கும்போது மற்ற ஊரில் பெரும்பாலும் மொய்ப்பதில்லை என்பதே காரணம்.

இந்த வாய்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழைப்போர் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்பதுதான் அதன் அடிப்படை. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் எல்லாரும் ஒரே காரணத்துக்காக ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுக்கிறார்கள். அப்போது வாய்பாடு கைகொடுக்காது. கணிப்பொறிகளுக்கிடையே ஓடும் தகவல் போக்குவரத்து பாய்சான் பரவலுக்கு அடங்காமல் இன்னும் மோசமாக மொய்க்கிறது என்பது 1990-களின் அளவீடுகளில் தெரியவந்தது. மறுபக்கம், பேச்சின் நீளம் எப்படி மாறினாலும் சராசரி மட்டும் மாறாதிருந்தால் இந்த வாய்பாடு மாறாது என்பதை 1957-இல் ரஷ்யக் கணிதர் செவஸ்த்யானொவ் நிறுவினார். எர்லாங்குக்குப் பின் வந்தவர்களுக்கும் வேலை மிச்சமிருந்தது.

கம்பெனியில் எர்லாங்கின் வேலை காகிதமும் பென்சிலுமாக மட்டும் இருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் உதவியாளர் இல்லை. நிலத்தில் கசிந்தோடும் மின்னோட்டம் கேபிள்களின் ஈய உறையை அரித்துவிடும். அதை அளக்க அவரே தெருத்தெருவாகப் போனார். ஏணியைச் சுமந்து ஒரு தொழிலாளி கூட வருவார். அந்த ஏணி வழியாக எர்லாங் தெருவிலுள்ள ஆள்குழிகளில் இறங்குவார். கோபன்ஹேகன் மக்களுக்கு அது பழகிய காட்சியாம். கணிதர் என்றால் நாற்காலியை விட்டு எழாதவர் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அவருடைய கட்டுரைகள் மிகச் சுருக்கமானவை. சில இடங்களில் நிறுவலே இராது. முடிவு மட்டும் இருக்கும். மாணவர்கள் தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் போடமாட்டேன்! ஆயினும் அவை டென்மார்க்குக்கு வெளியே விரைவிலேயே பரவின. பிரிட்டிஷ் தபால் துறை அவருடைய வாய்பாட்டைக் கையாளத் தொடங்கியது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்து ஆராய்ச்சியாளர் ஒருவர், இக்கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பதற்காக டேனிஷ் மொழி கற்றார் என்று சொல்வார்கள்.

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. புத்தகங்கள் நிறைய வாங்கினார். கணிதம், வானியல், இயற்பியல் நூல்கள் கொண்ட பெரிய நூலகமே அவரிடம் இருந்தது. கஷ்டப்பட்டவர்கள் ஆய்வுக்கூடத்துக்கே அவரைத் தேடி வருவார்கள். பிறர் கண்ணில் படாதபடி ஏதாவது கொடுத்தனுப்புவார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நோய் என்று ஒரு நாளும் விடுப்பெடுக்காதவர், 1929 ஜனவரியில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போனார். பிப்ரவரி 3-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலமானார். வயது 51.

1946-இல் சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழு போக்குவரத்தின் அலகுக்கு ‘எர்லாங்’ என்று பெயரிட்டது. ஒரு கம்பி ஒரு மணி நேரமும் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். நம் சிற்றூரின் போக்குவரத்து 2 எர்லாங். இந்த அலகுக்குப் பரிமாணம் இல்லை. நேரத்தை நேரத்தால் வகுக்கிறோம் அல்லவா? 1980-களில் சுவீடனின் எரிக்சன் கம்பெனி தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய கணிப்பொறி மொழிக்கும் எர்லாங் என்றே பெயர். வாட்ஸப் செய்திகளைக் கொண்டுசேர்க்கும் கணிப்பொறிகளில் அந்த மொழி பயன்படுகிறது. கைபேசிக் கோபுரத்துக்கு எத்தனை பேச்சுத் தடங்கள் வேண்டும் என்று கணக்கிட்ட பொறியாளர்களும் எர்லாங்கின் அட்டவணையைத்தான் புரட்டினார்கள்.

முடிக்கும் முன் ஒரு கணக்கு. ஓர் ஊரில் மணிக்குச் சராசரியாக 90 அழைப்புகள். பேச்சின் சராசரி நீளம் அதே 2 நிமிடம். ஆகவே போக்குவரத்து 3 எர்லாங். ஏமாறுவோர் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. எத்தனை கம்பிகள் வேண்டும்? மேலே செய்ததுபோலவே 1-இல் தொடங்கி, 3/1, 3/2, 3/3, 3/4 என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போங்கள். ஆறாவது கம்பிக்கு வந்ததும் போதும் என்று நிறுத்தத் தோன்றும். வகுத்தலை இரண்டு தசம இடம் வரை செய்துவிட்டு விடையை எழுதுங்கள்.